குன்னூரில் மாறும் விசை

கோயம்புத்தூரிலிருந்து உதகமண்டலம் வரை ரயிலிலேயே சென்று சேர விரும்பும் ஒருவர், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவுக்குள் மூன்று வேறுபட்ட விசைகளின் துணையை நாடுகிறார். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை அகலப்பாதையில் மின்சாரம் அவரைக் கொண்டுசேர்க்கிறது. மேட்டுப்பாளையத்தில் இறங்கி மீட்டர்கேஜ் வண்டிக்கு மாறினால், குன்னூர் வரை நீராவி அவரை மேலே தள்ளிச் செல்கிறது. குன்னூரில் அந்த எஞ்சின் கழற்றப்பட்டு, உதகை வரையிலான எஞ்சிய தூரத்துக்கு டீசல் எஞ்சின் வந்து இணைகிறது. பெட்டிகள் அவையே, பயணிகளும் அவர்களே. விசை மட்டும் மாறுகிறது.

ரயில் விசையின் வரலாற்றை எழுதுபவர்கள் பொதுவாக ஒரு நேர்கோட்டு வரிசையைத் தருவார்கள். முதலில் நீராவி வந்தது, அதை டீசல் அகற்றியது, டீசலை மின்சாரம் அகற்றியது என்பது அந்த வரிசை. இந்தியாவின் பெரும்பாலான பாதைகளுக்கு இது பொருந்தவும் செய்யும். நீலகிரிப் பாதையில் மட்டும் இந்தக் கால வரிசை குலைந்து, அடிவாரம் வரை மின்சாரம், செங்குத்தான மலைச்சரிவில் நீராவி, மேட்டுநிலத்தில் டீசல் என்று இட வரிசையாகிவிடுகிறது. மலையேறுபவர் காலத்தில் பின்னோக்கிச் சென்று, பிறகு பாதி தூரம் முன்னோக்கி வருகிறார்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதைக் காணும்போது திணைமயக்கம் நினைவுக்கு வராமற் போகாது. ஒரு திணைக்குரியது இன்னொரு திணையில் வந்து கலக்கலாம். ஆனால் நிலம் நிலத்தோடு மயங்குவதில்லை என்பது தொல்காப்பியம் வகுத்த எல்லை. நீலகிரி ரயிலின் கதையும் ஏறத்தாழ இதுதான். விசைகள் அங்கே கலக்கின்றன. அவற்றின் எல்லையை வகுப்பது நிலத்தின் சரிவு. இந்தக் கலப்பு எப்படி நேர்ந்தது, அதில் எதைக் காப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இணை சேராத மாடுகள்

இருவேறு விசைகளை ஒரே ரயிலில் பயன்படுத்துவது எளிய காரியமன்று. ஒரு நுகத்தில் பூட்டிய இரு மாடுகளில் ஒன்று விரைந்தும் மற்றொன்று தயங்கியும் நடந்தால் வண்டி என்னவாகும் என்பது உழவர்கள் அறிந்ததே. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு வலுவுடன் இழுக்கக் கூடியது. டீசல் எஞ்சின் சுழன்று வேகமெடுத்து, அதன் வலு சக்கரங்களைச் சென்றடையச் சற்று நேரம் பிடிக்கும். இரண்டையும் ஒரே ரயிலில் கோத்து ஓட்டினால், பெட்டிகளுக்கு இடையிலான கொக்கிகள் இழுபட்டும் இடிபட்டும் துன்புறும்.

அதனால் உலகெங்கும் பெரும்பாலான ரயில்வேக்கள் எளிய வழியையே கைக்கொண்டன. மின்கம்பி முடியும் இடத்தில் ஓர் எஞ்சினைக் கழற்றி மற்றோர் எஞ்சினை மாட்டுவதே அந்த வழி. தமிழ்நாட்டில் இதற்கு நெடுங்காலம் பெயர்பெற்ற இடம் விழுப்புரம். சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலான மீட்டர்கேஜ் பாதை 1931 இல் மின்மயமானது. 1960களின் நடுப்பகுதியில் அந்தக் கம்பி விழுப்புரம் வரை நீண்டது. ஜப்பானிலிருந்து வந்த மின் எஞ்சின்கள் எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் வண்டிகளை விழுப்புரம் வரை இழுத்துவந்தன. அதற்கப்பால் திருச்சியோ மதுரையோ செல்பவர்களுக்கு எஞ்சின் மாறியாக வேண்டும். அந்தத் தலைமுறைப் பயணிகளுக்கு விழுப்புரம் என்றாலே நின்று நிதானித்து, சாப்பிட்டு முடித்துக் கிளம்பும் இடம்தான். மீட்டர்கேஜ் அகலப்பாதையாக மாறியபோது அந்த ஏற்பாடும் முடிவுற்றது. கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில் 2004 இல் நின்றது.

கழற்றி மாட்டும் நேரத்தை மிச்சப்படுத்த முயன்றவர்களும் உண்டு. இங்கிலாந்தில் லண்டன் வாட்டர்லூவிலிருந்து போர்ன்மத் வரையிலான பாதை 1967 இல் மின்மயமானது. அதற்கப்பால் வேமத் வரை மின்சாரம் இல்லை. அங்கே வலுமிக்க ஒரு மின்தொடர் பின்னாலிருந்து தள்ள, எஞ்சினற்ற பெட்டித்தொடர் முன்னால் சென்றது. போர்ன்மத்தில் முன்தொடரை மட்டும் பிரித்து, டீசல் எஞ்சின் வேமத்துக்கு இழுத்துச் சென்றது. திரும்பும்போது டீசல் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். ஓட்டுநர் முன்பெட்டியில் அமர்ந்தே அதை இயக்குவார். 1988 இல் மின்கம்பிக்குப் பதிலான மூன்றாம் தண்டவாளம் வேமத்தை எட்டும் வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

ஜப்பானின் வடதீவான ஹொக்கைடோவில் 1997 இல் இன்னும் ஒருபடி மேலே சென்றார்கள். சப்போரோ நகரைச் சுற்றிய பாதையில், ஒரே தோற்றமும் ஒரே வேகத்திறனும் கொண்ட மின்தொடரையும் டீசல்தொடரையும் உருவாக்கினார்கள். இரண்டையும் ஒன்றாக இணைத்து, இரண்டுமே இழுக்க, ஒரே ஓட்டுநர் ஓட்டினார். டீசலின் தயக்கத்தையும் மின்சாரத்தின் துடிப்பையும் கணினி இடைவிடாது சமன்செய்தது.

இந்தச் சமன்செய்தலுக்கு ஹொக்கைடோவில் கணினி தேவைப்பட்டது. ஏறத்தாழ அதே சிக்கலை, கணினி இல்லாத காலத்தில், வெறும் நீராவிக்குழாயின் போக்கை மாற்றியமைத்துத் தீர்த்த எஞ்சின் ஒன்று இன்றும் கல்லாற்றுக்கு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மலைப்பாதையின் கதையைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

மலைக்கு வந்த பாதை

நீலகிரிக்கு ரயில் வேண்டும் என்ற பேச்சு 1854 இலேயே எழுந்தது. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை அகலப்பாதை 1873 இல் வந்து அடிவாரத்தைத் தொட்டது. அதற்குமேல் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. சாதாரண தண்டவாளத்தில் வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான இரும்பின்மீது உருள்கிறது. இரண்டுக்கும் இடையிலான பிடிப்பு மிகச் சொற்பம். மலையில் சரிவு மிகும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது.

சுவிட்சர்லாந்தில் நிக்லாஸ் ரிகன்பாக் என்பவர் 1871 இல் ரிகி மலைக்குப் பற்சக்கர ரயில் அமைத்துக் காட்டியிருந்தார். இரு தண்டவாளங்களுக்கு நடுவே ஏணி போன்ற இரும்புச் சட்டம். அதன் படிகளில் எஞ்சினின் பற்சக்கரம் பதிந்து ஏறும். 1880களில் நீலகிரிக்கும் அவருடைய முறை ஆலோசிக்கப்பட்டது. இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டது அவருடைய நாட்டவரான ரோமான் அப்ட் வகுத்த முறை. அதில் இரண்டு பற்சட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் இடைவெளி இருக்கும். எஞ்சினின் பற்சக்கரத்தில் ஒரு பல் பிடியை விடும் கணத்தில் வேறொரு பல் பிடித்துக்கொண்டிருக்கும். பிடி அறுபடாத ஏற்றம் என்று இதைச் சொல்லலாம்.

பணம்தான் அடிக்கடி பிடியை விட்டது. 1885 இல் அமைந்த நிறுவனம், சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு 1891 ஆகஸ்டில் முதல் மண்ணை வெட்டிய பின்னும், பணியை முடிக்க முடியாமல் நொடித்துப்போனது. 1896 இல் புதிய நிறுவனம் ஒன்று பணியை ஏற்றது. 1899 ஜூனில் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை திறக்கப்பட்டது. 1903 இல் அரசு அதை 35 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. உதகை வரை பாதை நீண்டது 1908 இல். அதே ஆண்டில் பாதையை இயக்கும் பொறுப்பு தென்னிந்திய ரயில்வே நிறுவனத்திடம் வந்தது.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை நிலையம் சுமார் 2,203 மீட்டர். இடைப்பட்ட 46 கிலோமீட்டரில் 16 குகைகள், ஏறத்தாழ 250 பாலங்கள், 208 வளைவுகள். இந்த எண்களைவிட முக்கியமானது, ஏற்றம் பாதை முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை என்பது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சமவெளி. கல்லாற்றிலிருந்து அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி வழியாகக் குன்னூர் வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தில் பாதை 12 அடிக்கு 1 அடி என்ற அளவுக்குச் செங்குத்தாக உயர்கிறது. இங்குதான் பற்சட்டம். குன்னூருக்கு மேலே வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று செல்லும் பகுதி மேட்டுநிலத்தின் அலைகளைத் தழுவி ஏறுவது. அங்கே செங்குத்தான இடத்திலும் சரிவு 12க்கு 1 என்பதில் ஏறத்தாழ பாதிதான். பற்சட்டம் தேவையில்லை.

குன்னூரில் எஞ்சின் மாறுவதன் முழுக் காரணமும் இதுதான். நிலம் அங்கே தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. ஒருகாலத்தில் நீராவி எஞ்சினே உதகை வரை சென்றது. பிற்காலத்தில் டீசல் எஞ்சின் வந்தபோது, பற்சட்டம் இல்லாத பகுதியை எளிதாக ஏற்றுக்கொண்டது. பற்சட்டத்தின் வாசலில் நின்றுவிட்டது. பொதுவான மீட்டர்கேஜ் பாதைகளுக்காகக் கட்டப்பட்ட ஒய்.டி.எம்.4 வகை டீசல் எஞ்சினுக்குப் பற்சக்கரம் கிடையாது.

ஓர் உடலில் இரண்டு எஞ்சின்கள்

பற்சட்டப் பகுதியில் ஓடும் எஞ்சினை எக்ஸ் வகை என்பார்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலுள்ள தொழிற்சாலையில் 1914 முதல் 1925 வரை 12 எஞ்சின்களும், 1952 இல் மேலும் 5 எஞ்சின்களும் இந்தப் பாதைக்காகச் செய்யப்பட்டன.

இதை ஓர் எஞ்சின் என்பதைவிட ஓர் உடலில் பொருத்தப்பட்ட இரண்டு எஞ்சின்கள் என்பதே பொருந்தும். பக்கத்துக்கு ஒன்றாகக் கீழே இரண்டு உருளைகள். இவை தண்டவாளத்தில் உருளும் சக்கரங்களை இயக்குகின்றன. அவற்றுக்கு மேலே மற்றும் இரண்டு உருளைகள்; இவை நடுவிலுள்ள பற்சட்டத்தில் பதியும் பற்சக்கரங்களை இயக்குகின்றன. சமவெளியில் கீழ் உருளைகள் மட்டும் வேலைசெய்யும். பயன்பட்ட நீராவி புகைபோக்கி வழியே போய்விடும். கல்லாற்றைத் தாண்டியதும் ஓட்டுநர் வழியைத் திருப்பிவிடுவார். கீழ் உருளைகளில் ஒருமுறை உழைத்துத் தளர்ந்த நீராவி, வெளியேறுவதற்கு முன் மேல் உருளைகளுக்குள் நுழைந்து இரண்டாம்முறை உழைக்கும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நிலக்கரியைச் சிக்கனப்படுத்தும் உபாயம். உள்ளே பார்த்தால் இணை சேராத மாடுகளை இணக்கும் உபாயமும் ஆகும். மழையில் நனைந்த தண்டவாளத்தில் கீழ்ச்சக்கரங்கள் வழுக்கிச் சுழல்கின்றன என்று வைத்துக்கொள்வோம். விரைந்து சுழல்வதால் அவை அதிக நீராவியை மேலே அனுப்பும். மேல் உருளைகளுக்கு அழுத்தம் கூடும்; பற்சக்கரம் இன்னும் வலுவாக இழுக்கும். அதே வேளையில், மேலே சேர்ந்த அழுத்தம் கீழ் உருளைகளுக்கு எதிர்ப்பாக அமைந்து அவற்றின் சுழற்சியை அடக்கும். வழுக்கிய கால் தானே நிலைகொள்கிறது. சுமை தானே மற்றதன் தோளுக்கு மாறுகிறது. ஓட்டுநர் எதையும் தொட வேண்டியதில்லை. ஹொக்கைடோவின் கணினி 1997 இல் செய்த வேலையின் ஒரு பகுதியை, 1914 இல் ஒரு நீராவிக்குழாய் செய்துகொண்டிருந்தது.

ஏறும்போது எஞ்சின் வண்டியின் கீழ்முனையில் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தாக்கில் உருண்டுவிடாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ளும் என்பதே இதன் தத்துவம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். எஞ்சினின் ஊதல் ஒலியைக் கேட்டு, அதன் குறிப்பறிந்து, தம் பெட்டியின் பிரேக்கை அவர் தனியே இயக்குகிறார். பற்சட்டப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர் அளவுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏற ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், இறங்க மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மிகுதியாகவும் பிடிக்கும்.

மலையில் பிறந்து சமவெளிக்குச் சென்ற மின்சாரம்

இங்கே வரலாறு ஒரு முரணை வைத்திருக்கிறது. மின்சாரம் நீலகிரிக்குத் தாமதமாக வந்த பொருள் அன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே, அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காகக் காட்டேரி நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டது. காட்டேரி, அரவங்காடு இரண்டுமே இந்த ரயில்பாதையின் நிலையங்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பெரிய அளவிலான முயற்சி பைக்காரா. சென்னை அரசின் நிர்வாக சபையில் இருந்த சி.பி. ராமசாமி ஐயர் அதற்காக வாதாடினார். 1929 இல் பணி தொடங்கி, 1932 இல் மின்சாரம் பிறந்தது. பைக்காரா நீர் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்வழியே விழுந்து சிங்காராவில் சுழலிகளைச் சுழற்றியது. கோவையின் பஞ்சாலைகள் பெருகியதும், கொங்குநாட்டுக் கிணறுகளில் மின்மோட்டார்கள் பொருத்தப்பட்டதும் இந்த மின்சாரத்தால்தான். பின்னர் கனடாவின் உதவியோடு குந்தா திட்டம் வந்தது. 1960களின் தொடக்கத்திலிருந்து அதுவும் மின்சாரம் தந்தது.

இதே மலையை ஏறிய ரயிலையும், சென்னையின் மின்ரயிலையும் 1931 இல் நடத்தியது ஒரே நிறுவனம் என்பது கவனிக்கத்தக்கது. தென்னிந்திய ரயில்வே மீட்டர்கேஜில் மின்ரயில் ஓட்டத் தெரிந்த நிறுவனம். அடுத்த ஆண்டே மலையில் மின்சாரமும் உற்பத்தியாயிற்று. ஆயினும் மலைப்பாதையின்மேல் மின்கம்பி ஏறவில்லை. மின்சாரம் கீழே இறங்கிச் சென்றது. நிலக்கரி கீழிருந்து மேலே ஏறியது.

காரணம் எளிமையானதே. மின்கம்பியும் துணைமின்நிலையமும் ஒருமுறை போட்டால், நாளுக்கு எத்தனை வண்டிகள் அவற்றின் கீழ் ஓடுகின்றன என்பதைப் பொறுத்தே செலவு கட்டுப்படியாகும். கடற்கரை–தாம்பரம் பாதையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. மலைப்பாதையில் ஓடியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. மேலும் 1932 இல் எக்ஸ் வகை எஞ்சின்களுக்கு வயது 20ஐக்கூட எட்டவில்லை. ஒரு கணக்கப்பிள்ளையின் பார்வையில் முடிவு தெளிவாகவே இருந்திருக்கும். நாம் இன்று மரபு என்று போற்றும் பல, வேறு செலவு செய்ய யாரும் முன்வராததால் எஞ்சியவை.

உறவுக்கார மலைகள் இரண்டு

வேறு முடிவுகள் எடுக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அறிய ஊகம் தேவையில்லை. அதே விண்டர்தூர் தொழிற்சாலையின் எஞ்சின்கள், அதே அப்ட் பற்சட்டத்தில் ஏறிய வேறு மலைகளின் கதை நமக்குத் தெரியும்.

ஒன்று சுவிட்சர்லாந்தின் ஃபுர்க்கா கணவாய். அந்நாட்டில் நிலக்கரி இல்லை; மலையருவிகள் உண்டு. இரண்டாம் உலகப்போரில் நிலக்கரி இறக்குமதி நெருக்கடிக்குள்ளானபோது, 1940–42 ஆண்டுகளில் ஃபுர்க்காப் பாதை மின்மயமானது. வேலையிழந்த நீராவி எஞ்சின்களில் நான்கு 1947 இல் வியத்நாமுக்கு விற்கப்பட்டன.

அவை சென்ற இடம் இரண்டாவது மலை. பிரெஞ்சு ஆட்சியாளர்கள் தம் கோடைவாசத்துக்காகக் கட்டிய தா லாத் நகருக்குச் செல்லும் பற்சட்டப் பாதை அது. வெப்பநாட்டில் ஒரு குளிர்மலை, அதில் ஆளவந்தவர்களின் மாளிகைகள், அடிவாரத்திலிருந்து ஏறும் ரயில் என்று உதகைக்கு உடன்பிறந்தது போன்ற ஊர். 1932 இல் முழுமையடைந்த அந்தப் பாதை, 1960களின் போரில் ஓட்டம் நின்றது. போர் முடிந்தபின் நாட்டின் பிற பாதைகளைச் சீரமைக்க அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. காட்டில் துருப்பிடித்துக் கிடந்த எஞ்சின்களை 1990 இல் சுவிஸ் ஆர்வலர்கள் விலைக்கு வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டுசென்று, கைவிடப்பட்டிருந்த பழைய ஃபுர்க்கா மலைப்பகுதியில் மீண்டும் ஓடவிட்டார்கள்.

ஃபுர்க்காவில் மின்சாரம் நீராவியை வென்றது. தோற்றதை ஆர்வலர்கள் பிறகு தேடிச் சேர்த்தார்கள். தா லாத்தில் போர் இரண்டையும் தின்றது. நீலகிரியில் வறுமையும் பழக்கமும் சேர்ந்து நீராவியைத் தக்கவைத்தன. ஃபுர்க்கா மின்மயமாகிப் பத்தாண்டுகள் ஆனபின், 1952 இல், சுதந்திர இந்தியா அதே விண்டர்தூருக்கு நீராவி எஞ்சின்கள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியது. அன்று அது பின்தங்கிய செயலாகத் தோன்றியிருக்கலாம். அந்த 5 எஞ்சின்களும் வந்திராவிட்டால் நீலகிரியின் பற்சட்டப் பாதை இத்தனை காலம் நின்றிருக்குமா என்பது ஐயமே.

பெயர்த்தெழுதிய ஏடு

2005 இல் யுனெஸ்கோ நீலகிரி மலை ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 1999 இல் ஏற்கப்பட்டிருந்த டார்ஜிலிங் பாதையோடு சேர்த்து அந்த ஏற்பு அமைந்தது; 2008 இல் கால்கா–சிம்லா பாதையும் அவற்றோடு சேர்ந்தது. இம்மூன்றில் பற்சட்டத்தில் ஏறுவது நீலகிரி மட்டுமே. இந்தியா முழுவதிலும் வேறு பற்சட்டப் பாதை இல்லை.

அதற்குள் சுவிஸ் எஞ்சின்கள் மூப்படைந்துவிட்டன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சில எஞ்சின்கள் நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயை எரிக்குமாறு மாற்றப்பட்டன. 2010களில் திருச்சி பொன்மலைப் பணிமனை, பழைய வரைபடங்களைப் பின்பற்றி, எண்ணெயில் இயங்கும் புதிய எக்ஸ் வகை எஞ்சின்களைக் கட்டியது. 2021 இல் நிலக்கரியில் இயங்கும் எஞ்சின் ஒன்றையும் அங்கே கட்டினார்கள். இந்திய ரயில்வே தன் பாதைகள் அனைத்தையும் மின்மயமாக்க முனைந்திருந்த அதே ஆண்டுகளில், அதன் பணிமனை ஒன்று நீராவி எஞ்சினைப் புதிதாக வார்த்துக்கொண்டிருந்தது.

ஆர்வலர்களிடையே இது ஒரு விவாதப்பொருள். 2021 இல் கட்டிய எஞ்சின் எப்படிப் பாரம்பரியமாகும்? அது வெறும் போலியல்லவா? எண்ணெய் எரிக்கும் நீராவி எஞ்சின் உண்மையான நீராவி எஞ்சினா? இக்கேள்விகளைத் தமிழ் படித்தவர்கள் சற்று வேறுவிதமாகப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மிடம் சங்க நூல்களின் மூல ஏடு ஒன்றுகூட இல்லை. ஓலை சில நூற்றாண்டுகளில் மட்கிவிடும். மட்குவதற்குமுன் யாரோ ஒருவர் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார். அதை இன்னொருவர் பெயர்த்தெழுதினார். உ.வே. சாமிநாதையர் தேடிச் சேர்த்த ஏடுகளும் அத்தகைய பெயர்ப்புகளே. அவற்றைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. எழுதுபவர் எழுத்தறிந்தவராகவும் பொருளறிந்தவராகவும் இருந்தாரா என்பதே நாம் கேட்கும் கேள்வி. பொன்மலையில் கட்டிய எஞ்சின் பெயர்த்தெழுதிய ஏடு. நிலக்கரிக்கு எண்ணெய் வந்தது பாடபேதம். பாடபேதத்தைக் குறித்துவைக்க வேண்டும், ஆராய வேண்டும். அதற்காக நூலைத் தள்ளிவிட முடியாது.

இந்த ஒப்புமை ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. ஏடு இருந்தும் படிக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் அது வெறும் ஓலைதான். எக்ஸ் வகை எஞ்சினின் நான்கு உருளைகளையும் இணக்கி ஓட்டத் தெரிந்த ஓட்டுநர், ஊதலின் பொருளறிந்து பிரேக்கைப் பிடிக்கும் பிரேக்ஸ்மேன், பற்சட்டத்தின் தேய்மானத்தைக் கண்டறியும் பாதைத் தொழிலாளி, குன்னூர்ப் பணிமனையில் கொதிகலனை அறிந்தவர் ஆகியோரிடம் இருக்கும் அறிவு எந்த வரைபடத்திலும் முழுமையாக இல்லை. பக்கத்தில் நின்று கற்றாலன்றி அது கைமாறாது. எஞ்சினைப் புதிதாக வார்த்துவிடலாம். இவர்களை வார்க்க ஒரு தலைமுறை பிடிக்கும். பாரம்பரியம் பற்றிய நம் பேச்சில் இவர்கள் இடம்பெறுவது மிகக் குறைவு.

மேல்பாதியின் உரிமை

குன்னூருக்கு மேலும் நீராவியே ஓட வேண்டும், டீசல் பாரம்பரியத்துக்கு இழுக்கு என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுடைய ஆசை புரிந்துகொள்ளத்தக்கதே. கேத்திப் பள்ளத்தாக்கின் விளிம்பில் வெண்புகை எழுவதைக் காண யாருக்குத்தான் ஆசையிருக்காது? ‘மூன்றாம் பிறை’ (1982) படத்தின் இறுதிக்காட்சியால் கேத்தி நிலையம் தமிழர் நினைவில் நிலைத்துவிட்டது.

ஆனால் பாதையின் இரு பாதிகளும் செய்யும் வேலை வேறு வேறு. கீழ்ப்பாதியில் வழக்கமான வண்டி நாளுக்கு ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குகிறது. பருவமழையில் மண்சரிந்தால் அதுவும் நின்றுவிடும். அதில் செல்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்ப் பயணிகள். முன்கூட்டியே பதிவுசெய்யாதவருக்கு இடம் கிடைப்பது அரிது. மேல்பாதியில் குன்னூருக்கும் உதகைக்கும் இடையே நாளில் பலமுறை வண்டி ஓடுகிறது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று அது நிற்கும் இடங்கள் மக்கள் வாழும், வேலைசெய்யும், படிக்கும் இடங்கள். உடனே கிளம்பக்கூடிய, தண்ணீருக்கும் கொதிகலனுக்கும் காத்திருக்காத டீசல் எஞ்சின் இந்த அடிக்கடி ஓட்டத்துக்கு இசைவானது. மலைவாழ் மக்களுக்கு இது பொம்மை ரயில் அன்று. மேல்பாதியிலும் நீராவி மட்டுமே என்று வற்புறுத்தினால், ஓட்டங்கள் குறைந்து, எஞ்சியிருக்கும் உள்ளூர்ப் பயணியையும் நாம் வண்டியிலிருந்து இறக்கிவிட்டவர்கள் ஆவோம்.

எதைக் காப்பது என்ற கேள்விக்கு நிலமே விடை சொல்லிவிட்டது என்று கருதுகிறேன். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சட்டமும், அதில் பதியும் எஞ்சினும், அதை இயக்கும் மனிதர்களும் ஒன்றையொன்று சார்ந்த ஒரே அமைப்பு. அதில் ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் பொருளிழக்கும். அங்கே நீராவி நீடிக்க வேண்டும். அதற்கான ஆள்களைப் பயிற்றும் செலவைப் பாரம்பரியச் செலவாகவே கணக்கில் வைக்க வேண்டும். குன்னூருக்கு மேலே காக்கப்பட வேண்டியது ஓட்டம். அதை இன்று டீசல் செய்கிறது. நாளை மின்கலத்தில் ஓடும் எஞ்சின் ஒன்று வந்து, பைக்காராவிலும் குந்தாவிலும் பிறந்து இத்தனை காலம் சமவெளிக்கே சென்ற மின்சாரத்தில் ஒரு சிறுபகுதியை மலையின் ரயிலுக்கே திருப்பித் தருமானால், அதை எதிர்க்க எனக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை. கம்பமும் கம்பியும் நட்டுக் காட்சியைக் கெடுக்க வேண்டிய தேவையும் அப்போது இராது.

அப்போதும் குன்னூரில் வண்டி நிற்கும். ஓர் எஞ்சின் விலகும். மற்றொன்று வந்து சேரும். அந்தச் சில நிமிடங்களில் பயணிகள் இறங்கித் தேநீர் குடிப்பார்கள். கொக்கியை மாட்டுபவரின் வேலையை அவர்களில் ஒருசிலராவது நின்று பார்த்தால் நல்லது.